வாசிச்சனீங்களோ?



போன மாரியில் பகேரியாவில் ஒரு தோழரின் வீட்டில் எங்கள் வாசிப்பு வட்டம் கூடியது. குசினி மேசையைச் சுற்றி ஏழு பேர். சாதி பற்றிப் பேச்சு வந்ததும், வழமைபோல நான் கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலை இழுத்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்த பத்தொன்பது வயதுத் தங்கை ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, அதை நீங்கள் வாசிச்சனீங்களோ?"

வாசிக்கவில்லை. பத்து வருஷமாக அந்தப் பெயரைச் சொல்லி வாதாடியிருக்கிறேன். முன்னுரை தெரியும், மற்றவர்கள் எழுதியது தெரியும். புத்தகத்தைத் திறந்ததில்லை. அன்றைக்கு அதை ஒத்துக்கொள்ளவே தேத்தண்ணி ஆறும் அளவு நேரம் எடுத்தது.

பிறகு பரிசிலிருந்து ஒரு தோழர் பிரதியைத் தபாலில் அனுப்பினார். வீடு துப்புரவாக்கும் வேலைக்கு நான் தினமும் பலேர்மோ போய்வருகிறேன். ரயிலில் கால் மணித்தியாலம். போகும்போது நாலு பக்கம், வரும்போது நித்திரை. முடிக்க இரண்டு மாதம் பிடித்தது.

1972இல் வெளிவந்த நாவல் அது. எழுதியவர் வெளியில் நின்று பார்த்தவரல்ல. 1966 ஒக்டோபர் 21 சுன்னாக ஊர்வலத்தோடு எழுந்த போராட்டத்தில், தேநீர்க்கடைக்கும் கோயிலுக்கும் உள்ளே போகும் உரிமைக்காக நின்றவர்களில் ஒருவர். நான் அதை "ஒடுக்குமுறைக்கு எதிரான நாவல்" என்று ஒரு வரியில் சொல்லிவந்தேன். வாசித்தபோது அது என்னையே விசாரித்தது. எங்கள் அம்மம்மா வீட்டுக் கிணற்றில் ஆர் ஆர் தண்ணி அள்ளினவை? ஆருக்குச் சிரட்டை, ஆருக்குப் பேணி? அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அது அந்தக் காலம், மோனை" என்றா. அந்த அமைதியை அன்றிரவே கொப்பியில் எழுதி வைத்தேன். சாதி பற்றி நான் நேர்மையாக எழுதிய முதல் வரிகள் அவைதான்.

இப்போது எனக்குப் புரிவது இதுதான். வாசிக்காத புத்தகம் எப்போதும் எங்கள் பக்கமே நிற்கும். வாசித்த புத்தகம் எங்களைக் கேள்வி கேட்கும். அந்தக் கேள்வியை எழுதி வைத்தால்தான் அடுத்த ஆளுக்குப் போய்ச் சேரும்.

எழுதுவது படித்தவர்களின் வேலை என்று நினைக்காதீர்கள். டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் முடி திருத்தும் தொழிலாளி. 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கி நானூறுக்கும் மேற்பட்ட இதழ்களைக் கொண்டுவந்தார். இந்த பகேரியாவில் 1899இல் பிறந்த இஞ்ஞாசியோ புத்தித்தா உணவுப்பொருள் வியாபாரம் செய்தவர். பள்ளிக்கூட இத்தாலியனில் அல்ல, சந்தையில் கேட்கும் சிசிலியனில்தான் கவிதை எழுதினார். அவருடைய 1954ஆம் ஆண்டுத் தொகுப்பை இத்தாலியனுக்குக் கொண்டுவந்தவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற குவாசிமோதோ. ஓவியம் வரைந்தவர் இதே ஊர்க்காரர் ரெனாத்தோ குத்தூசோ.

நேரம் இல்லை என்பது உண்மைதான். எங்கள் நேரம் இன்னொருவர் வீட்டுத் தரையில் போகிறது. அதனால்தான் கிடைக்கும் கால் மணித்தியாலத்தை வாசிப்புக்குப் பறித்தெடுப்பதும் அரசியல் என்கிறேன்.

1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றில் இருந்தன. அப்படி அழிந்த ஒன்றைப் பற்றி யாரோ ஒரு வாசகர் அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தால், அந்த அரைப் பக்கமாவது மிஞ்சியிருக்கும்.

கேள்வி கேட்ட தங்கைக்குத் தமிழ் பேச வரும், வாசிப்பது கஷ்டம். இப்போது ஞாயிறுகளில் நான் டானியலை வாசித்துச் சொல்கிறேன். அவள் புத்தித்தாவை வாசித்து விளங்கப்படுத்துகிறாள். தமிழ்க் குறிப்புகளை இத்தாலிய எழுத்தில் எழுதிக்கொள்கிறாள். அதுவும் எழுத்துத்தான்.

அடுத்த மடலுக்கு எங்களுக்கு உங்கள் அரைப் பக்கம் வேண்டும். கடைசிவரை வாசித்த ஒரு புத்தகம். அது எங்கே கிடைத்தது, எந்த இடத்தில் உங்களைத் தொந்தரவு செய்தது, எதில் உங்களுக்கு உடன்பாடில்லை? எந்த மொழியிலும், எந்த எழுத்திலும் அனுப்புங்கள். பாதியில் விட்ட புத்தகம் என்றால் ஏன் விட்டீர்கள் என்று எழுதுங்கள்.

வாசிக்காத புத்தகத்தைப் பற்றி மட்டும் வேண்டாம். அதை நான் பத்து வருஷம் செய்து முடித்துவிட்டேன்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக, பகேரியாவிலிருந்து