தீவகத்தில் இன்சுலின் பொறி

சலரோகம் என்று நம் மூத்தோர் வழங்கிய நோயை இன்று நீரிழிவு என்கின்றோம். இந்நோயாளருள் பெரும்பாலார் குளிசையினாலும் உணவுக் கட்டுப்பாட்டினாலும் காலங் கழிப்பர். ஆயின், இளமையிலேயே கணையம் இன்சுலின் சுரத்தலை ஒழித்துவிட்ட பிள்ளைகளுக்கு அம்மருந்து ஒருநாளேனும் தவறலாகாது. 1921இல் ரொறன்ரோ நகரிலே பான்ரிங், பெஸ்ற் என்போர் அதனைக் காணும்வரை அத்தகைய பிள்ளைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை.

அதே ரொறன்ரோவில் இன்று நம் பழைய மாணவர் பலர் வாழ்கின்றனர். அந்நகர் அடங்கிய ஒன்ராறியோ மாகாண அரசு இன்சுலின் செலுத்தும் பொறியின் செலவை 2006இல் சிறுவர்க்கும், 2008இல் வளர்ந்தோர்க்கும் ஏற்க முன்வந்தது. அங்கே இதன் நலத்தைக் கண்டவர், நயினாதீவுப் பிள்ளைகளுக்கும் ஒன்றிரண்டு அனுப்பினால் என்ன என்று எண்ணுதல் இயல்பே. எண்ணம் நல்லது. ஆயினும் பொறி மட்டும் தனித்து வருமாயின் அதனை வரவேற்க யான் உடன்படேன்.

‘பம்ப்’ என்று வழங்கும் இப்பொறி கைக்குள் அடங்குவது, பற்றறியால் இயங்குவது. விரைந்து வேலை செய்யும் இன்சுலினை மெல்லிய குழாய் வழியே தோலின்கீழ்ச் சிறிது சிறிதாக இரவும் பகலும் செலுத்தும். ஊசிகள் பல குறைகின்றன. அளவும் நுட்பமாக அமைகின்றது. ஆனால் நீண்ட நேரம் உடலில் நின்று காக்கும் இன்சுலின் இம்முறையில் இல்லை. குழாய் மடிந்தாலோ அடைபட்டாலோ சில மணி நேரத்துள் குருதியில் சர்க்கரை ஏறி, அமிலம் பெருகி, பிள்ளை உயிராபத்தை அடையும். நள்ளிரவில் ஓசையின்றி நின்ற பொறியை விடியுமுன் யார் அறிவார்? எச்சரிக்கை மணி உண்டு. குழந்தையின் உறக்கம் அம்மணியினும் வலிது.

பெயர்பெற்ற நிறுவனங்களின் பொறிகளும் பிழைத்ததுண்டு. மெட்ரோனிக் நிறுவனத்தின் ஒருவகைப் பொறியில் மருந்துக் குப்பியைப் பிடித்துநிற்கும் வளையம் உடைதல் கண்டு 2019இல் எச்சரிக்கை விடப்பட்டது. மருந்து மிகுதியாகவோ குறைவாகவோ செல்ல அக்குறை இடந்தந்தது. 2024இல் ரான்டெம் நிறுவனத்தார் தம் பொறியோடு இணைந்த கைத்தொலைபேசிச் செயலியைத் திருத்த நேர்ந்தது. அச்செயலி மீண்டும் மீண்டும் செயலிழந்து இயங்கியமையால் பற்றறி விரைவில் வற்றிப் பொறியே நின்றுவிட்டது. 224 பேருக்குத் தீங்கு நேர்ந்ததாக அமெரிக்க மருந்து நிர்வாகம் அறிவித்தது. அயலிலிருந்து கம்பியில்லா வழியாக ஒருவன் பொறியின் அளவை மாற்றிவிடலாம் என்றும் 2011 முதல் ஆய்வாளர் காட்டிவந்தனர். நயினாதீவில் அத்தகைய கள்வனுக்கு யான் அஞ்சவில்லை, பற்றறிக்கே அஞ்சுகின்றேன்.

ஏனெனில் ரொறன்ரோவில் பொறி நின்றால் தொலைபேசியும் மருந்துக்கடையும் உண்டு. மற்றொரு பொறி தபாலில் வந்துசேரும். இங்கோ குறிகட்டுவான் துறைக்குக் கடல் கடக்கவேண்டும். அதன்பின் புங்குடுதீவும் வேலணையும் கடந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். பொழுது சாய்ந்தால் வழமையான படகில்லை. சோளகம் வீசுங்காலத்துப் பகற்பயணமும் எளிதன்று. 2022இல் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிவரை மின்வெட்டும், எரிபொருள் தட்டுப்பாடும், மருந்துத் தட்டுப்பாடும் ஒருங்கே வந்ததை எவர் மறப்பார்? வெக்கையும் உண்டு. 37 பாகைக்கு மேற்பட்ட வெப்பம்பட்ட இன்சுலினைப் பொறியில் வைத்திராது எறிந்துவிடல் வேண்டும் என்பது செய்வோர் கூறும் விதி.

ஆகவே பொறியணியும் பிள்ளையின் வீட்டில் ஊசியும், நீண்டநேர இன்சுலினும், குருதிச் சர்க்கரை பார்க்கும் கருவியும், அதற்குரிய தாள்களும் எந்நாளும் இருத்தல் வேண்டும். இவற்றை முதலில் அனுப்புக. தீவின் வைத்தியசாலையில் மருந்துக் குளிர்ப்பெட்டிக்கு மின்வெட்டிலும் தளராத சூரியமின் வசதி செய்து தருக. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டார்க்கும் ஓர் ஆறுதலுண்டு: எல்லைகளற்ற மருத்துவர் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, 25 முதல் 37 பாகை வரை ஏறியிறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் வைத்த இன்சுலினும் தன் வலியை இழக்கவில்லை. நம் பாட்டிமாரின் மண்பானையை எள்ளுவோர் இதைச் சிந்திப்பாராக. ஆயினும் வைத்தியரைக் கேளாது எவரும் தம் மனம்போல் வைக்கலாகாது.

ஆசிரியராகிய எமக்கும் ஒரு கடன் உண்டு. வகுப்பிலே பிள்ளை வியர்த்து, கை நடுங்கி, விடை தடுமாறினால் அதனைச் சோம்பல் என்று அதட்டலாகாது. சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கியிருக்கலாம். மூன்று நான்கு தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்துக் குடிப்பித்தல் வேண்டும். மயங்கிய பிள்ளையின் வாயில் எதனையும் ஊற்றலாகாது. உடனே வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்க. இவ்வளவையும் எந்தத் தீவுப் பாடசாலையிலும் ஒரு பிற்பகலில் கற்பிக்கலாம்.

பொறி வாங்கித்தர விரும்பும் அன்பர், வாங்குமுன் போதனா வைத்தியசாலையின் நீரிழிவு நிபுணரைக் கேட்பாராக. இரண்டு மூன்று நாளுக்கொருமுறை மாற்றவேண்டிய குழாய்த் தொகுதிகளை எத்தனை ஆண்டுக்குத் தர இயலும், பழுதானால் யார் மாற்றுவர், பெற்றோர்க்கு யார் பயிற்சியளிப்பர் என்னும் மூன்றுக்கும் எழுத்தில் விடை பெற்றபின் பணத்தை அனுப்புவாராக.