பூட்டிய அறையும் எரியும் அடுப்பும்

ஆண்டவன் ஆட்சி அண்மையில் இருக்கிறதாம்! அதற்கு ஆயத்தமாகிக் கொள்ள வேண்டுமாம்! துண்டறிக்கையிலும் ஒலிபெருக்கியிலும் வந்துகொண்டிருந்த செய்தி, இன்று கைப்பேசித் திரைக்குள்ளும் புகுந்து, கண்விழிப்பவனைக் காலையிலேயே பிடித்துக்கொள்கிறது. 2020இல் கொரோனாக் கொள்ளைநோய் உலகையே கதவடைக்கச் செய்தபோது, “இதோ, கடைசிக் காலம்!” என்று கணக்குக் காட்டினோர் எத்தனை பேர்! ஆய்வுக்கூடங்களில் இரவும் பகலும் உழைத்தோர் தடுப்பூசி தந்தனர். நோய் தணிந்தது. கணக்குக் காட்டினோரோ, பழைய ஏட்டை மூடிவிட்டுப் புதிய ஏட்டைத் திறந்துகொண்டனர்.

இது ஏதோ ஒரு மதத்தின் சரக்கு என்று எண்ணிவிட வேண்டாம், தோழர்களே! அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பாரின் வழிவந்தோர், 1844 அக்டோபர் 22ஆம் நாள் இயேசு இறங்கிவருவார் என்று நம்பினர். அறுவடையைப் பாராமல் விளைந்த கதிரை வயலிலேயே விட்டுவந்த உழவர்களும் அவர்களிடையே உண்டு. விடிந்தது; வந்தது சூரியன் மட்டுமே! திருவிதாங்கூரில், தமிழ்ப் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்து கிறித்தவரான ஜஸ்டஸ் ஜோசப், 1881இல் அந்த வருகை நிகழும் என்றார். நிகழவில்லை. ‘யுயோமயம்’ என்ற தனிச் சபைதான் மிஞ்சியது. சாமித்தோப்பில் வைகுண்டரும் கலி அழியும், தருமயுகம் பிறக்கும் என்றே சொன்னார். எனினும் அவர் ஒன்று செய்தார். தலையில் துணி கட்டக்கூடாது என்று ஒடுக்கப்பட்டிருந்த மக்களின் தலையில் தலைப்பாகையை ஏற்றிக் கண்ணாடிமுன் நிமிர்த்தி நிறுத்தினார். யுகம் வந்ததோ இல்லையோ, முதுகு நிமிர்ந்தது!

இந்த வேறுபாட்டை நெஞ்சில் இருத்திக்கொண்டு, நம் ஊர்ப்பக்கம் வாருங்கள்.

நாம் பாடம் நடத்தும் குறிஞ்சிப்பாடியிலிருந்து வடலூர் கூப்பிடு தொலைவு. தறியின் ஒலி கேட்கும் தெருவில் பேருந்து ஏறினால், பேச்சு முடிவதற்குள் சத்திய ஞானசபையின் முன் இறங்கிவிடலாம். ‘ஆண்டவர் வரப்போகிறார், ஆயத்தமாகுங்கள்’ என்ற குரல் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எழுந்த இடம் இது. எழுப்பியவர் ஏமாற்றுக்காரர் அல்லர், எத்தரும் அல்லர். 1823இல் மருதூரில் பிறந்த இராமலிங்கர். சாதியையும் சமயத்தையும் சாத்திரக் குப்பையையும் சாடிய வள்ளலார். ஆகவேதான் இவரை ஆராய வேண்டியது நம் கடமையாகிறது. போலியை வெல்வது எளிது. மெய்யான மனிதர் ஒருவர் சொன்னவற்றில் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று பகுப்பதில் அன்றோ பகுத்தறிவின் வலிமை தெரியும்!

1867 மே 23ஆம் நாள் வடலூரில் தருமச்சாலை தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலம் தந்தனர். வந்தவர் எவராயினும் ‘என்ன சாதி?’ என்று கேளாமல் சோறு போடுவதே அந்தச் சாலையின் சட்டம். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை.

1871 மார்ச் 30ஆம் நாள் ‘சமாதிக் கட்டளை’ என்ற ஒன்றை வெளியிட்டார். செத்தவரைச் சுடாதீர், புதையுங்கள் என்றார். ஏன்? பார்வதிபுரத்துச் சாலைக்கு ஆண்டவர் எழுந்தருளும் காலம் நெருங்கிவிட்டது, அப்போது இறந்தோர் எல்லாம் எழுப்பப்படுவர் என்று காரணம் காட்டினார். அதே கட்டளையில் அவர் அடுக்கிய மற்றவற்றையும் பாருங்கள். கணவன் இறந்தால் மனைவியின் தாலியைக் கழற்ற வேண்டியதில்லை; மனைவி இறந்தால் கணவன் வேறு திருமணம் செய்துகொள்ள வேண்டியதில்லை; கருமாதியும் சடங்கும் வேண்டாம்; உற்றாரையும் ஏழைகளையும் அழைத்து உணவளித்தால் போதும்!

என்னே விந்தை! நடக்கவே முடியாத ஒன்றை நம்பியவரின் கையிலிருந்து, உடனே நடத்தியாக வேண்டிய சீர்திருத்தங்கள் பிறந்திருக்கின்றன. கைம்பெண்ணின் கழுத்தை மூளியாக்கி, பொட்டை அழித்து, மூலையில் உட்காரவைத்த நாட்டில், 1871இல், ‘தாலியைத் தொடாதே’ என்றாரே! புரோகிதன் பிழைக்கும் பிணச்சடங்கை ஒரே வரியில் ஒழித்தாரே! காரணம் பிழை, கட்டளை சரி. பிழையான காரணத்தை மண்ணில் புதைத்துவிட்டுச் சரியான கட்டளையை மன்றத்தில் ஏற்றியிருக்க வேண்டியது பின்வந்தோர் கடமை. அவர்கள் செய்தது என்ன?

1873 அக்டோபர் 22ஆம் நாள், மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றிப் பேருரை ஆற்றினார். சைவம், வைணவம் முதலிய சமயங்களின்மீது பற்று வைக்காதீர் என்றார். தாமும் முன்பு சைவத்தில் ஆழ்ந்திருந்து பிறகு விட்டவரே என்று திறந்து சொன்னார். வீண்பொழுது போக்காமல் விசாரணை செய்யுங்கள் என்று வற்புறுத்தினார். 1874 சனவரி 30ஆம் நாள் அங்கேயே ஓர் அறைக்குள் சென்று கதவைத் தாழிட்டுக்கொண்டார். பிறகு அவரைக் கண்டவர் இல்லை. அறை பூட்டியே கிடக்கிறது என்று 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியில் பிரான்சிஸ் என்னும் ஆங்கில அதிகாரி குறித்து வைத்திருக்கிறார்.

அடியார்கள் காத்திருந்தனர். ஆண்டவர் வரவில்லை, மாண்டவர் எழவில்லை. வந்தது எது தெரியுமா? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே சூறையாடிய தாதுவருடப் பஞ்சம்! மழை பொய்த்தது, விலை ஏறியது, தானியம் இரயிலேறிக் கப்பலேறி வெளியே போனது. நிவாரணக் கூலி வேலைக்கு வந்த எலும்புக்கூட்டு மனிதனுக்கு ஒரு நாளைக்கு ஒரு இராத்தல் தானியமே போதும் என்று 1877இல் ரிச்சர்டு டெம்பிள் துரை அளவு வகுத்தார். இலட்சக்கணக்கில் மக்கள் மடிந்தனர். சொல்லுங்கள் தோழர்களே, அந்தக் கொடும்பஞ்சத்தில் பசித்தவனுக்கு உதவக்கூடியது எது? பூட்டிய அறையா, எரியும் அடுப்பா? வானத்தைப் பார்த்த கண்ணா, உலையில் அரிசி போட்ட கையா?

வள்ளலார் விட்டுச்சென்றவை இரண்டு: ஓர் அடுப்பு, ஓர் அறை. அடுப்பு எல்லாரையும் அழைக்கிறது. அறை எவரையும் உள்ளே விடுவதில்லை. தைப்பூசத்துக்கு இலட்சோப இலட்சம் பேர் வடலூரில் திரள்கிறார்கள். ஏழு திரை நீங்கக் கண்டு கைகூப்புகிறார்கள். பூசம் கழித்து மேட்டுக்குப்பம் சென்று அந்த அறையின்முன் நிற்கிறார்கள். நிற்கட்டும். திரும்பிப் போகும்போது எந்தத் தெருவுக்குப் போகிறார்கள்? ஊர்த்தெரு என்றும் சேரித்தெரு என்றும் பிரித்து வைத்த அதே தெருவுக்கன்றோ! கருமாதிக்கு யாரை அழைக்கிறார்கள்? அதே புரோகிதரையன்றோ! கணவனை இழந்த மகளை எங்கே நிறுத்துகிறார்கள்? மங்கல நிகழ்ச்சியின் பின்வரிசையிலன்றோ! 1871இன் கட்டளையில் நடக்காததை நம்புகிறவர்கள், நடக்கக் கூடியதை நடத்த மறுப்பது ஏன்? நம்புவதற்குச் செலவில்லை; நடத்துவதற்குச் சொந்தக்காரரைப் பகைக்க வேண்டும். அதனால்தான்!

“அவர் ஒளியாகிவிட்டார், அதை உங்களால் மறுக்க முடியுமா?” என்று வரிந்துகட்டிக்கொண்டு வருவோர் உண்டு. மறுப்பது எம் வேலையன்று. மெய்ப்பிப்பது உம் வேலை. ஒருவேளை ஒளியாகவே ஆனார் என்று வைத்துக்கொண்டாலும், அதனால் ஒரு குழந்தையின் வயிறு நிறையுமா? அடுப்பை மூட்டிய நாளில் அவர் மனிதராகத்தான் இருந்தார். பார்வதிபுரத்து உழவர்கள் நிலம் கொடுத்தபோது மனிதர்களாகத்தான் கொடுத்தார்கள். அந்த மனிதப் பெருமையைப் பறித்து மாயமாக்குவது அவருக்குச் செய்யும் மரியாதையா?

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ‘ஆயத்தமானவர்’ என்ற சொல் இருக்கிறதே, அது பிறந்த அன்றே ‘ஆயத்தமாகாதவர்’ என்ற சொல்லும் உடன் பிறந்துவிடுகிறது. வள்ளலாரும் கொலை புலை தவிர்த்தோரை அகவினத்தார் என்றும், தவிர்க்காதோரைப் புறவினத்தார் என்றும் பகுத்தார். புறவினத்தாரின் பசியைப் போக்கலாம், அதற்குமேல் பழக்கம் வேண்டாம் என்றார். பிறப்பால் பிரித்த சாதியைத் தகர்த்த கையே, உணவால் ஒரு வேலியை நட்டுவிட்டதே! கருவாட்டுத் துண்டோடு கஞ்சி குடித்துக் கழனிக்குப் போகும் உழைப்பாளி, வேலிக்கு எந்தப் பக்கம் நிற்பான்? தூய்மையை அளக்கும் கோலை எவர் கையில் கொடுத்தாலும், அது உழைப்பவன் முதுகில்தான் முதலில் விழும். மேதையே ஆயினும் இதில் நாம் உடன்பட இயலாது.

பரலோக ஆட்சி பற்றிய இந்தப் பேச்சு, பாடசாலையின் வாசல்வரை வந்துவிட்டது. “உலகம் முடியப்போகிறது என்கிறார்களே, பிறகு பொதுத்தேர்வுக்கு எதற்குப் படிக்க வேண்டும்?” என்று கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கேலிக்குக் கேட்பவர் சிலர். கலங்கிக் கேட்பவரும் உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தொட்ட பெண்ணுக்கு, ‘எதிர்காலம் இல்லை’ என்று சொல்வதைவிடக் கொடிய திருட்டு வேறு உண்டா? பணத்தைத் திருடினால் மீண்டும் ஈட்டலாம். நாளையைத் திருடினால் எங்கே போய் மீட்பது?

‘காத்திரு’ என்பது ஆண்டவன் பெயரால் மட்டும் சொல்லப்படுவதன்று. அது எல்லா ஆதிக்கத்துக்கும் பிடித்த சொல். நெய்வேலியைப் பாருங்கள். மண்ணுக்கடியில் கிடந்த பழுப்பு நிலக்கரியை நம்பி 1956இல் நிறுவனம் பிறந்தது. 1962இல் மின்சாரம் பிறந்தது. ஒளி வந்தது மெய். வானிலிருந்து அன்று, தொழிலாளியின் வியர்வையிலிருந்து! அந்த ஒளிக்கு ஊரையும் உழவு நிலத்தையும் கொடுத்தவர்களுக்கோ, தலைமுறை தலைமுறையாக ‘காத்திருங்கள்’ என்பதே விடை. 2023 சூலையில் வளையமாதேவியில் பச்சைப்பயிரின்மேல் இயந்திரம் ஏறியதை நாடே பார்த்தது. மோட்சம் வரும் என்று காத்திருக்கப் பழகியவன், வேலை வரும், இழப்பீடு வரும் என்றும் வாய்மூடிக் காத்திருப்பான். ஆதிக்கக்காரர்களுக்கு இதைவிட வசதியான ஆன்மிகம் வேறு ஏது?

இனி, நம்மை நோக்கியே ஒரு கேள்வி. பகுத்தறிவாளர் என்று மார்தட்டும் நம்மிடம் ஒரு ‘வருகை’ நம்பிக்கை இல்லையா? ‘நம்மவர் ஆட்சி வரட்டும், சாதி தானே ஒழியும்’ என்ற எண்ணம் எத்தனை நெஞ்சங்களில் குடியிருந்தது! 1967இல் ஆட்சி வந்தது. சுயமரியாதைத் திருமணம் சட்டமானது. அரும்பெரும் செயல்கள் பல நடந்தன. மறுப்பார் இல்லை. ஆயினும் 2003இல், இதே கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்துக்கு அருகே, சாதி கடந்து மணந்த இளம் இணையரை நஞ்சூட்டிக் கொன்று எரித்தார்கள். தண்டனைத் தீர்ப்பு வர 2021 ஆயிற்று. உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2025 ஆயிற்று. வடலூரிலிருந்து அந்த மண் எவ்வளவு தொலைவு? ஆட்சி ஒரு கருவி. அதை வருகையாக எண்ணிக் கைகட்டி நின்றால், நாமும் பூட்டிய அறையின்முன் நிற்கும் அடியார்களே! மாலைகள் வேறு, மடமை ஒன்று!

ஆகவே, இளந்தோழர்களே, ஆயத்தமாவோம்! எதற்கு? எவருடைய வருகைக்கும் அன்று. நம் கையால் செய்யவேண்டியவற்றுக்கு. நம் வீட்டில் சாவு நேர்ந்தால் சடங்கில்லாமல் அடக்கம் செய்து, அந்தச் செலவில் பசித்தவருக்கு உணவிடத் துணிவோமா? கணவனை இழந்த அக்காளை, தங்கையை முன்வரிசையில் அமர்த்தி, அவள் கையால் மணமாலை எடுத்துக் கொடுக்கச் செய்வோமா? ஊர்த்தெருவும் சேரித்தெருவும் கூடும் இடத்தில் மாலைநேர வகுப்பு ஒன்று தொடங்கி, எல்லார் பிள்ளைகளையும் ஒரே பாயில் உட்காரவைப்போமா? சாதி கடந்து மணக்கும் இணையர் ஓடிவந்து கதவைத் தட்டும் இரவில், திறக்கும் கதவு நம் கதவாக இருக்குமா?

அன்பர்களுக்கும் ஒரு சொல். வள்ளலாரை நாங்கள் உங்களிடமிருந்து பறிக்க வரவில்லை. அடுப்பைக் காட்டிக் கேட்கிறோம்: 1867இல் மூட்டிய தீ, 80 காணியோடு ஏன் நின்றது? ஊருக்கொரு தருமச்சாலை ஏன் இல்லை? தைப்பூசத்துக்கு வரும் இலட்சம் பேரும் ஆளுக்கொரு சாதிவேலியைப் பிடுங்கி எறிந்திருந்தால், இந்த மாவட்டத்தின் வரலாறு வேறாக இருந்திருக்குமே!

அறைக்கதவு திறக்குமா என்று பார்த்தே நூற்றைம்பது ஆண்டு கழிந்தது. அடுப்புக்கு விறகு வேண்டும். எடுத்துக்கொண்டு வாருங்கள்!