பத்திரம் இல்லாத வீட்டைத் தேடுதல்

நீண்ட பதிவு. நேரம் உள்ளவர்கள் பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன்.

சென்ற பருவத்தில் நான் உதவியாளராக இருந்த ஒரு வகுப்பில் மாணவர்களுக்கு ஓர் ஒப்படைப்பு தரப்பட்டது. தம் மூதாதையர் ஒருவர் வாழ்ந்த வீட்டைக் கண்டறிந்து, சான்றுகளோடு பத்துப் பக்கம் எழுத வேண்டும். நல்ல ஒப்படைப்பு என்றே நானும் எண்ணினேன். கட்டுரைகள் வந்தன. கிரயப் பத்திரத்தின் நகல், பட்டா, பாகப்பிரிவினை ஆவணம், தேக்குத் தூண்களுக்கு நடுவே நிற்கும் தாத்தாவின் புகைப்படம் என ஒவ்வொன்றும் ஒரு சிறு ஆவணக் காப்பகமாகவே இருந்தது. ஒரு மாணவர் மட்டும் ஒற்றைத் தாள் தந்திருந்தார். தம் கொள்ளுத்தாத்தா பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தார், நிலம் கைமாறியபோது குடிசை பிரிக்கப்பட்டது, சான்று எதுவும் இல்லை என்று மூன்றே வரிகள். மதிப்பீட்டு அளவைப்படி அவருக்குப் பத்துக்கு இரண்டுக்கு மேல் போட வழியில்லை. அத்தாளை இரண்டு வாரம் பையிலேயே வைத்திருந்தேன்.

அந்த இரண்டு வாரத்தில் எனக்குத் தெளிவானது இதுதான். மூதாதையர் வீட்டைத் தேடுதல் என்னும் ஆய்வுமுறை, நாம் இப்போது கையாளும் வடிவில், வாழ்ந்தவரைத் தேடுவதில்லை, உடைமையாளரைத் தேடுகிறது. பத்திரப்பதிவு அலுவலகமும் வருவாய்த்துறைப் பதிவேடும் எழுப்பும் கேள்வி 'இது யாருடையது' என்பதே. 'இங்கு யார் உறங்கினார்' என்பது அவற்றின் கேள்வி அன்று. நாம் முதல் கேள்விக்கான விடையை எடுத்துக்கொண்டு இரண்டாம் கேள்விக்கு விடை கண்டுவிட்டதாக எழுதுகிறோம்.

இது புதிய நிலையும் அன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகளைப் பாடமாகப் படித்தவர்கள் நினைவுகூரலாம். கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களில் இறையிலி நிலங்களைக் கழிக்கும் இடத்தில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால் இவற்றோடு பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் எண்ணப்படுகின்றன. அங்கு மனிதர் வாழ்ந்தனர் என்று சொல்வதற்காக அவை குறிக்கப்படவில்லை. அந்நிலத்திலிருந்து வரி வராது என்று கணக்கு முடிப்பதற்காகக் குறிக்கப்பட்டன. ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு அக்குடியிருப்புகள் இருந்தமைக்கு நமக்கு எஞ்சிய சான்று அந்தக் கழித்தல் கணக்குதான். இடையே ஒன்று: 'சேரி' என்பது அக்காலத்தில் இழிவு குறித்த சொல் அன்று. உத்தரமேரூர்ப் பிராமண ஊரிலும் சேரிகள் இருந்தன. சேர்ந்து வாழும் பகுதி என்னும் பொருள் எப்போது, யார் வாயில் சுருங்கியது என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி என் கதை. என் ஆயாவின் தந்தை, அதாவது என் பூட்டனார், கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. குடியாத்தம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து சென்றவர். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்குப் பொறுப்பேற்ற பின், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நிலமற்ற குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகச் சென்றன. பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் அங்கு வந்துவிட்டதை நம் நூல்கள் பெருமையோடு சொல்லும். அம்மின்சாரம் முதலில் எந்திரத்துக்கு வந்தது, தொழிலாளர் வீட்டுக்கு அன்று. தொழிலாளர் வாழ்ந்தவை மூங்கில் தட்டி வீடுகள். பின்னர் வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட 'லைன்' வீடுகள். வேலை இருக்கும்வரை வீடு. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். வீடு என்னும் சொல்லை 'விடு' என்னும் வினையோடு இயைத்துச் சொற்பிறப்பு கூறுவோர் மனத்தில் இப்பொருள் இருந்திராது.

பூட்டனாருக்கு நெஞ்சு நோய் வந்தபின் குடும்பம் குடியாத்தம் திரும்பியது. அப்போது ஆயாவுக்கு எட்டு வயது. வீட்டில் மிஞ்சியவை ஒரு பித்தளைப் பில்லையும் ஒரு சொல்லும். பில்லையில் எண் மட்டும் உண்டு, பெயர் இல்லை. அந்தச் சொல் 'விஞ்சி வூடு'. எங்கே குடியிருந்தீர்கள் என்று எப்போது கேட்டாலும் ஆயா அதைத்தான் சொல்வார்.

மொழியியல் முதுகலை படித்தபோது அந்தச் சொல்லைக் குறித்து நான் ஒரு பயிற்சிக் கட்டுரை எழுதினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். 'விஞ்சு' என்னும் வினையடியாகப் பிறந்து மேடான இடத்தைக் குறித்திருக்கலாம் என ஒரு கருதுகோள். 'இஞ்சி' என்னும் பழஞ்சொல்லுக்கு மதில் என்னும் பொருள் உண்டாகையால் மதிலை ஒட்டிய வீடு என இன்னொரு கருதுகோள். அடிக்குறிப்புகள் பன்னிரண்டு. நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது.

பின்னர் வீட்டைத் தேடத் தொடங்கினேன். ஆவணம் கேட்டு ஓர் அலுவலகத்துக்குச் சென்றேன். எது என்பது வேண்டாம். பெயர் கேட்டார்கள், சொன்னேன். அப்பெயரில் நூறு பேர் இருந்திருப்பார்கள் என்றார்கள், அதுவும் உண்மை. பில்லை எண்ணைச் சொன்னேன். எந்தச் சுரங்கம், எந்த ஆண்டு என்று கேட்டார்கள். தெரியவில்லை. வீட்டு உரிமைக்கான பத்திரம் உண்டா என்பது அடுத்த கேள்வி. அக்கேள்வியைக் கேட்டவர் என்னைப் புண்படுத்த நினைக்கவில்லை. அவருடைய படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தது, அவ்வளவே.

ஆகவே பங்காருப்பேட்டையிலிருந்து கிளைப்பாதை ரயிலில் மாரிகுப்பம் வரை சென்றேன். இந்தப் பாதையில் ஊர்ப்பெயர்களைக் கேட்டுக்கொண்டு போவதே ஒரு பாடம். பங்காருப்பேட்டைக்கு முன்பு பௌரிங்பேட்டை என்று பெயர், ஆங்கிலேய ஆணையர் ஒருவரின் பெயரால். ராபர்ட்சன்பேட்டை இன்றும் அப்பெயரோடு இருக்கிறது. சாம்பியன் ரீப்ஸ் என்பது சுரங்கத்தின் பெயர், பிறகு ஊரின் பெயர். நம் இடப்பெயராய்வு ரா.பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' தொடங்கி வளமாகவே வளர்ந்திருக்கிறது. ஆனால் பட்டி, பாடி, குறிச்சி என்னும் ஈறுகளுக்கு நாம் தரும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட லைன், பிளாக், குவார்ட்டர்ஸ் என்னும் ஈறுகளுக்குத் தந்ததில்லை. இத்தனைக்கும் 'லைன்' கடல் கடந்த சொல். இலங்கை மலையகத்தில் அதே ஆங்கிலச் சொல் 'லயம்' என்றும் 'லயன்' என்றும் ஆகி, வேர் தெரியாத அளவுக்குத் தமிழாகிவிட்டது. கூலிக்குச் சென்ற தமிழர் எங்கெல்லாம் வரிசை வீடுகளில் அடைக்கப்பட்டனர் என்பதற்கு இதைவிட நேரான மொழிச்சான்று எனக்குத் தெரியவில்லை.

மாரிகுப்பத்தில் சயனைட் மண்மேடுகள் பார்வையில் படும் ஒரு திண்ணையில் எண்பது வயது கடந்த ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் என் கருதுகோள்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு 'விஞ்சி வூடு' என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"விஞ்சு ரூமு பக்கத்து லைனு கண்ணு. கயிறு இழுக்கற மெசினு. ராத்திரிப் பூரா அது ஓடிக்கினே இருக்கும். அது நின்னாத்தான் எங்களுக்கு முழிப்பு வரும், உள்ள யாருக்கு இன்னா ஆச்சோன்னு."

வின்ச் என்னும் ஆங்கிலச் சொல். இழுபொறி. மேடும் இல்லை, மதிலும் இல்லை. என் பன்னிரண்டு அடிக்குறிப்புகளும் அந்தத் திண்ணையிலேயே உதிர்ந்தன.

அவர் சொன்ன வழியில் சென்று அந்த லைனைக் கண்டேன். சில வீடுகளுக்குக் கூரை இல்லை, சிலவற்றில் ஆட்கள் இருக்கிறார்கள். எந்தக் கதவு எங்கள் கதவு என்று அறிய வழியில்லை. நான் தயங்கி நிற்பதைப் பார்த்து, என்னோடு வந்த பெரியவர், ஒரு வீட்டில் இரண்டு மூன்று குடும்பங்கள் இருந்ததும் உண்டு, ஊரிலிருந்து புதிதாக வருபவன் வேலை கிடைக்கும்வரை உறவினர் வீட்டில்தான் படுப்பான், ஆகவே உன் பூட்டன் ஒரு வீட்டில் மட்டுமா இருந்திருப்பான் என்றார். அந்தக் கேள்விதான் என் முறையியலைத் திருத்தியது. ஒரு கதவைத் தேடியது என் பிழை. அம்மக்களின் வாழ்வில் அலகு வீடு அன்று, லைன். அந்த லைனைக் கண்டுவிட்டேன். என் மூதாதையர் வாழ்ந்த இடத்தைக் கண்டறிந்தேன் என்று எந்தக் கருத்தரங்கிலும் சொல்வேன்.

வாய்மொழியை இவ்வளவு நம்பலாமா என்று என் துறை நண்பர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. நினைவு பிழைபடும். ஆனால் பதிவேடு மட்டும் பிழையற்றதா? தொழிலாளி சொன்ன பெயரை வேற்றுமொழி எழுத்தர் தம் காதுக்கு எட்டியபடி எழுதியதே பதிவேடு. அது ஆளைக் கண்காணிக்க எழுதப்பட்டது என்பதையும் மறக்கலாகாது. 1930-இல் தங்கவயல் தொழிலாளர் கைரேகைப் பதிவை எதிர்த்து வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். ஜானகி நாயரின் மைசூர்ச் சுரங்க, ஆலைத் தொழிலாளர் வரலாற்று நூலை வாசிப்போர்க்கு இது புதிய செய்தி அன்று. எந்தப் பதிவை என் முன்னோர் எதிர்த்தனரோ, அந்தப் பதிவில் அவர்கள் இல்லையே என்று நான் குறைபட்டுக்கொள்வதில் ஒரு முரண் இருக்கிறது.

அவர்கள் எழுத்தறியாத கூட்டம் என்றும் எண்ண வேண்டா. அயோத்திதாசரின் 'தமிழன்' இதழுக்கு மாரிகுப்பத்தில் உறுதியான வாசகர் வட்டம் இருந்தது. சாம்பியன் ரீப்ஸ் சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய நூல்களை அச்சிட்டு வெளியிட்டது. 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுப்பாக 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவரும்வரை, பல்கலைக்கழக நூலகங்களைவிடத் தனி மனிதர் வீடுகளே அந்த எழுத்துகளைக் காத்தன. அவற்றுள் லைன் வீடுகளும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

எனவே இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது ஆவணக் காப்பகங்களுக்கு: சுரங்கம், தோட்டம், ஆலை, ரயில்வே, துறைமுகம் ஆகியவற்றின் வீட்டு ஒதுக்கீட்டுப் பேரேடுகளை நிறுவனம் மூடியபின் கழிவுத்தாளாகக் கருதாதீர்கள். தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. வாழ்ந்த வீட்டைத் தமக்கே உரிமையாக்க வேண்டும் என்னும் முன்னாள் தொழிலாளர்களின் கோரிக்கை அதன்பின் நெடுங்காலமாக ஒலித்து வருகிறது. யார் எந்த லைனில் எத்தனை ஆண்டு இருந்தார் என்பது எனக்கு ஆய்வுப்பொருள், அவர்களுக்கு வாழ்விடம்.

இரண்டாவது, வகுப்பெடுப்போருக்கும் மாணவர்களுக்கும்: உங்கள் வீட்டு முதியோர் தாம் இருந்த இடத்தை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே ஒலியோடு பதிவு செய்யுங்கள். திருத்தாதீர்கள். சொற்பிறப்பு காண அவசரப்படாதீர்கள். என்னைப் போன்ற முதுகலைப் பட்டதாரிகளிடமிருந்து அச்சொற்களைக் காப்பாற்றுங்கள்.

அந்த மாணவரின் ஒற்றைத் தாளை மதிப்பெண் இடாமல் திருப்பித் தந்தேன். 'சான்று இல்லை' என்னும் தொடரை அடித்துவிட்டு, குடிசை இருந்த இடத்தை உங்கள் வீட்டில் என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று ஓரத்தில் எழுதிக் கேட்டிருந்தேன். பத்து நாளில் ஒன்பது பக்கம் வந்தது. பேராசிரியரிடம் வாதாடி அதையும் ஏற்கச் செய்தோம். அளவையைத் திருத்தும் பேச்சு இன்னும் முடியவில்லை.

மாரிகுப்பத்திலிருந்து திரும்பியதும் ஆயாவிடம் ஓடினேன். விஞ்சி என்றால் என்ன தெரியுமா ஆயா, அது ஒரு மெசின் என்றேன்.

"தெரியாமயா? அந்தச் சத்தத்துலதான பொறந்தேன்."

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ எங்க கேட்ட? சொன்னத எழுதிக்கினு எழுந்து போயிட்ட."