பாண் சுடுவோர்க்கு என்ன பரிசு?

நத்தாரும் புத்தாண்டும் நெருங்கினால் கொழும்புக் கடைகளில் மட்டுமன்றி நுவரெலியாக் கடைகளிலும் பரிசுப் பொருள்களின் வரிசை நீண்டுவிடுகிறது. அண்மைக் காலத்தில் அவ்வரிசையிற் புதிய இனமொன்று சேர்ந்திருக்கிறது. வீட்டில் தாமே பாண் சுட்டு மகிழ்வோர்க்குரிய பரிசுகளே அவை. 2020 இற் கொள்ளைநோய் உலகத்தை வீட்டுக்குள் அடைத்தபோது மாப்பிசைவது பலருக்குப் பொழுதுபோக்காயிற்று. அன்று பற்றிய வழக்கம் இன்னும் விட்டபாடில்லை. கனத்த வார்ப்பிரும்புச் சட்டி, பிசைந்த மாவைப் பொங்க வைக்கும் பிரம்புக் கூடை, மாவின் மேற்புறத்தைக் கீறும் மெல்லிய அலகு, இலக்கத் தராசு ஆகியன இவ்வினத்தில் முதன்மை பெறுகின்றன. இவற்றைக் கந்தப்பளையிலிருந்து நோக்கும்போது எனக்குச் சில எண்ணங்கள் எழுகின்றன.

முதலிற் பொருளைப் பொருளாகவே பார்ப்போம். தராசு நல்ல பரிசு என்பதில் ஐயமில்லை. கோப்பையால் அளந்த மா அமுக்கினாற் கூடும், தளர்த்தினாற் குறையும். நிறை அவ்வாறு மாறுவதில்லை. மூடியுள்ள இரும்புச் சட்டியும் வீண் ஆடம்பரமன்று. மாவிலிருந்து எழும் நீராவி சட்டிக்குள் அடைபட்டு நிற்பதால் மேற்றோல் முந்திக் காய்வதில்லை. பாண் விரிவதற்கு இடங்கிடைக்கிறது. பிரம்புக் கூடையை மட்டும் கடல்கடந்து வரவழைப்பானேன்? நம் தோட்டங்களிலே கொழுந்துக் கூடை பின்னிய கைகள் உண்டு. கூடையின் இடத்தைப் பைகள் பிடித்துக்கொண்ட தோட்டங்களில் அக்கைகளுக்கு வேலையும் இல்லை.

கந்தப்பளைக்கென ஒரு தனிச் சங்கடமும் உண்டு. ஆறாயிரம் அடிக்கு மேலான உயரம் இது. நானுஓயாவிலிருந்து இராகலைவரை சென்ற சிறிய இருப்புப்பாதை இருந்த நாளில், இலங்கைப் புகையிரதம் ஏறிய நிலையங்களுள் மிக உயர்ந்தது இவ்வூர் நிலையமே. உயரம் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஆகவே மாவினுள் எழும் வாயு எளிதில் விரிகிறது. குளிரோ ஈஸ்ட்டை உறங்கச் செய்கிறது. ஒன்று முடுக்க, மற்றொன்று இழுத்துப் பிடிக்கிறது. கொழும்பில் ஒரு மணி நேரத்திற் பொங்கும் மா இங்கே தை, மாசிப் பனியில் பாதி நாளும் எடுக்கலாம். ஆதலால் இவ்வூரிற் பாண் சுடுபவருக்குப் பரிசளிப்போர் ஒரு வெப்பமானியும், மாப்பாத்திரத்தைப் போர்த்த ஒரு கம்பளித் துண்டும் கொடுத்தாற் போதுமானது.

விலையற்ற பரிசும் ஒன்றுண்டு. மாவையும் நீரையும் கலந்து நாட்கணக்கிற் புளிக்க வைத்த புளிமாவை ஒருவர் மற்றவருக்குப் பகிர்வது மேனாடுகளில் இன்று பெரும் நாகரிகமாய் இருக்கிறது. அயல்வீட்டில் உறைமோர் கேட்டு வாங்கிய நமக்கும், கள்விட்டு அப்பமா புளிக்க வைத்த நமக்கும் இதிற் புதுமை என்ன?

ஆயினும் மலையகத்தில் மாப்பிசைபவர் யார் என்பதே நான் கேட்க விரும்பும் கேள்வி. போறணை கடைவீதியில் இருக்கிறது. லயத்தில் இருப்பது விறகடுப்பும் ரொட்டிக்கல்லுந்தான். விடியுமுன் எழுந்து, கோதுமை மாவில் தேங்காய்ப்பூ சேர்த்துப் பிசைந்து, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பின் பிரட்டுக்களத்துக்கு ஓடும் பெண்ணை எந்தக் கடைக்காரரும் தமது பரிசு வரிசையில் நினைப்பதில்லை.

அவள் கைக்குக் கோதுமை மா வந்த கதையும் நெடியது. இந்நாட்டிற் கோதுமை விளைவதில்லை. 1942 இற் பர்மா வீழ்ந்து அரிசி வரவு நின்றபோது, பங்கீட்டில் அரிசிக்குத் துணையாகக் கோதுமை மா நுழைந்தது. பின்னர் வந்த அமெரிக்க மா, “அமெரிக்கன் மா” என்ற பெயரையே வீடுகளில் விட்டுச்சென்றது. 1973, 1974 ஆண்டுகளில் உலக விலை ஏறிப் பங்கீடு சுருங்கியபோது தோட்டங்களிற் பசியால் மக்கள் மாண்டனர். 2022 இலும் அதே பாடந்தான். உக்ரேன் போரும், அவ்வாண்டு மே மாதத்தில் இந்தியா விதித்த கோதுமை ஏற்றுமதித் தடையும், நமது அந்நியச் செலாவணி வறுமையும் ஒன்றுசேர, சில மாதங்களுள் மாவின் விலை பன்மடங்காயிற்று. எங்கோ ஒரு துறைமுகம் அடைபட்டால் கந்தப்பளை லயத்து ரொட்டி மெலிந்துவிடுகிறது.

சம்பளம் இவ்வேகத்தில் ஓடுவதில்லை. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அதனை 1,550 ஆக உயர்த்தி, அரசாங்கம் நாளொன்றுக்கு 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவு தருவதாகவும் கூறியது. தீபாவளிக்கு இங்கே பரிசென்று கிடைப்பதோ முற்பணம். அது பரிசன்று, கடன். மாதந்தோறும் சம்பளத்திற் கழிக்கப்படுகிறது. தன் பணத்தைத் தானே முன்கூட்டிப் பெறுவதற்கு நன்றி கூறவேண்டிய நிலையை என்னென்பது!

இன்னொரு கணக்கையும் ஆசிரியர்களாகிய நாம் மறக்கலாகாது. 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடு முழுவதிலும் ஏறத்தாழ நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 32 பேர். நம் வகுப்பில் முன்வரிசையில் நிறுத்தப்படும் சிறுவர்கள் இக்கணக்கிலிருந்து வந்தவர்கள். இதற்கு வெள்ளை மா மட்டுமே காரணமென்று கூறுவது பிழை. வறுமை, தாயின் உடல்நிலை, குடிநீர், கழிவறை யாவும் இதிற் பங்குடையன. எனினும் தவிடு நீக்கிய மாவும் வெறுந்தேநீரும் காலை உணவானால் உடலுக்கு அதிகம் சேராது.

ஆகவே என் பரிசு வரிசை வேறு. சூட்டைச் சீராகத் தாங்கும் கனத்த ரொட்டிக்கல் ஒன்று. விறகைக் குறைத்துப் புகையை வெளியேற்றும் அடுப்பு ஒன்று. கோதுமை மாவோடு பாதிக்குப் பாதி கலக்க ஒரு பை குரக்கன் மா. குரக்கனிற் சுண்ணச்சத்து மிகுதி. ரொட்டிக்கும் அது இணங்கிப் போகும். தேநீரைப் பற்றியும் ஒரு சொல். உணவோடு பருகும் தேநீர் இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துப் பருகினால் இழப்புக் குறையும். ஆனால் மலையில் நிற்பவளுக்குத் தேநீர் வேளையைக் குறிப்பவர் வேறொருவர். பண்டிகைக்கு எதையேனும் வழங்க எண்ணும் தோட்ட நிர்வாகங்கள் அவ்வேளையை மாற்றித் தரலாம். அதற்குச் செலவும் இல்லை, சம்பளத்திற் கழிப்பதற்கும் எதுவும் இராது.