கணினியிலும் வித்து நமதாகுக!

வத்திராயிருப்பு உழவர் தம் விளைச்சலிலிருந்து விதைநெல் எடுத்து வைப்பார். அண்டை வீட்டார்க்கும் அளப்பார். அதை விதைக்க எவரிடமும் அவர் ஒப்புதல் கேட்டதில்லை. அவர் மகன் வாங்கும் கணினியிலோ நிலைமை வேறு. அதனை இயக்கும் விண்டோசைத் திறந்து பார்த்தல் இயலாது. படியெடுத்து நண்பனுக்குத் தருதலோ குற்றம்!

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோசு 10-க்கான பொது ஆதரவு நின்றது. பழைய கணினிகள் பலவற்றை விண்டோசு 11 ஏற்பதில்லை. நன்றாய் ஓடும் பொறியைப் பரணில் ஏற்றுவதா? கடன்பட்டுப் புதியது வாங்குவதா? இரண்டும் வேண்டா.

பயன்படுத்தவும், பயிலவும், திருத்தவும், பகிரவும் உரிமை தரும் இயங்குதளம் உண்டு. 1983-இல் இரிச்சர்டு சுடால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் முயற்சியும், 1991-இல் பின்லாந்து மாணவர் இலினசு தோர்வால்சு படைத்த இலினக்சும் இணைந்து விளைந்த பயிர் அது.

அதன் வகைகளோ பல நூறு. புதியவர் எதைத் தேர்வது? பழைய கணினியில் ஓட வேண்டும். பார்த்த அளவில் பழக வேண்டும். ஐயம் தீர்ப்பார் பலர் இருத்தல் வேண்டும். தமிழ் எழுத வேண்டும். இந்நான்கிலும் தேறுவது, 2006 முதல் வெளிவரும் இலினக்சு மிண்ட்டு. அதன் எளிய வடிவமாகிய எக்சுஎப்சிஇ, முதுமையுற்ற பொறிக்கும் ஏற்றது. தமிழக அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையும் அதில் உண்டு. விரலியில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். நிறைவளித்தால், கோப்புகளுக்குப் படி எடுத்து வைத்தபின் நிறுவுக.

வழங்கினால் மட்டும் போதாது என்பதற்கும் சான்றுண்டு. 2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில், விண்டோசோடு பாசு என்னும் இலினக்சும் இருந்தது. கற்பிப்பாரின்றி அது வேரூன்றவில்லை. நம் மேற்குமலைக்கு அப்பால் கேரளமோ ஆசிரியர்களைப் பயிற்றி, அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளையே நிலைநாட்டியது. அங்கே மாணவர் கணினித் திரையில் தம் தாய்மொழியைக் காண்கின்றனர்.

இலினக்சில் தமிழாக்கம் இன்னும் முழுமையுறவில்லை. சில பட்டியல்கள் ஆங்கிலத்திலேயே நிற்கும். அதற்கு யார்மேல் பழி போடுவது? விண்டோசில் ஒரு சொல்லைத் திருத்த நாம் பிறரிடம் வேண்டி நிற்க வேண்டும். இங்கே திருத்தும் உரிமை நம் கையிலேயே உள்ளது. பயன்படுத்தாத உரிமை விதைக்காத வித்து! ஊருக்கு இருவர் கற்று, தெருவுக்கு ஒருவர்க்குக் கற்பிப்பின் போதும். பரணிலுள்ள கணினியை இன்றே இறக்குக!