தொழிலாளி எந்த நாவலைப் படிப்பது?



கூலி உயர்வுக்குப் போராடுகிறவனுக்குக் கதைப் புத்தகம் எதற்கு என்று கேட்பவர்கள் நம் சங்கங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். இன்னொரு சாரார் படிக்கச் சொல்லுவார்கள். ஆனால் அவர்கள் சொல்லுவது ஒரே புத்தகம்: மாக்சிம் கார்க்கியின் "தாய்". தோழர் ரகுநாதன் தமிழில் தந்த அந்த மகத்தான நூலைப் பற்றி நமக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இருபது வருஷமாக ஒரே நூலைச் சிபாரிசு செய்கிறவர், அதற்குப் பின் தாமே வேறொன்றும் படிக்கவில்லை என்றுதானே பொருள்?

1865ஆம் ஆண்டில் கியூபாவின் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிலாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தம்மில் ஒருவரை மேடையில் உட்கார வைத்து, சுருட்டுச் சுற்றும் நேரமெல்லாம் உரக்க வாசிக்கச் சொன்னார்கள். வாசிப்பவருக்குக் கூலியை முதலாளி தரவில்லை. தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். ஸ்பானிய ஏகாதிபத்தியம் மறு ஆண்டே இதற்குத் தடை போட்டது. வெறும் கதைதானே, அதற்கு ஏன் தடை? தடை நிற்கவில்லை, வாசிப்பு நின்றது. நம் பக்கத்துக் கண்ணூரிலும் பீடித் தொழிலாளர்கள் ஒருவரைப் பத்திரிகை வாசிக்கச் சொல்லிவிட்டு, அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்தார்கள். உழைப்பாளிக்கு இலக்கியம் ஏறாது என்று சொல்லும் பட்டதாரிகளுக்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை.

புதுச்சேரிக்காரனுக்கு அயல்நாட்டுக் கதை அந்நியச் சரக்கும் அல்ல. விக்தர் யுகோவின் நாவலைச் சுத்தானந்த பாரதியார் "ஏழை படும் பாடு" என்று தமிழாக்கினார். 1950இல் அது சினிமாவாகவும் வந்தது. ஒரு ரொட்டி திருடியதற்காகப் பிடிபட்டு, தப்பி ஓட முயன்ற குற்றமும் சேர்ந்து, பத்தொன்பது ஆண்டு தண்டனை அனுபவித்தவனின் கதையைப் படிப்பறிவில்லாத தாய்மார்களும் கொட்டகையில் கண்ணீரோடு பார்த்தார்கள். நம் நகரத்துப் பொது நூலகமே ரோமன் ரோலந்து என்ற பிரெஞ்சு நாவலாசிரியரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1915ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர் அவர். அந்த வாசலைத் தாண்டிப் போகும் நம்மவர் எத்தனை பேர், உள்ளே ஏறிப் போகிறவர் எத்தனை பேர்?

பிரெஞ்சு படித்த பெரியவர்கள், சொல்தா குடும்பத்தார் நம் தெருக்களில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் எமிலி ஸோலாவின் "ழெர்மினால்" நாவலை வாய்வழியாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தைப் பற்றியது, 1885இல் வந்தது. எழுதுவதற்கு முன் ஸோலா தாமே சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். 1902இல் அவர் சவ ஊர்வலத்துக்கு வந்த சுரங்கத் தொழிலாளர்கள் அந்த நாவலின் பெயரையே கோஷமாக முழங்கினார்கள். ஒரு எழுத்தாளனுக்கு இதற்கு மேல் என்ன பரிசு வேண்டும்!

இவையெல்லாம் நேரான கதைகள். விசித்திரக் கதைகள் என்று ஒரு ரகம் இருக்கிறது. அதைத்தான் நம் தோழர்கள் "மேல்தட்டு மனக்கோளாறு" என்று தள்ளிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பு தவறானது என்று அழுத்தமாகச் சொல்லுகிறோம். காஃப்கா என்பவரின் "உருமாற்றம்" கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் ஊராய்ப் போய்ச் சரக்கு விற்கும் ஒருவன் காலையில் விழித்தால் பெரும் பூச்சியாகக் கிடக்கிறான். அப்போது அவன் முதல் கவலை என்ன? ரயில் போய்விட்டதே, மானேஜர் ஆள் அனுப்புவானே என்பதுதான்! ஷிப்டுக்குச் சங்கு ஊதியபின் ஓடியவனுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டுமா? சம்பாத்தியம் நின்ற நாள் முதல் வீட்டார் அவனைப் பார்க்கும் பார்வை மாறுகிற இடங்களை, ஆலை மூடி வீட்டில் உட்கார்ந்தவர்கள் படிக்கட்டும். எழுதியவர் யார்? பிராகா நகரத்தில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மரம் இழைக்கும் யந்திரத்தில் விரல்கள் போகாமலிருக்க என்ன செய்யலாம் என்று அறிக்கை எழுதியவர். அவருக்கா தொழிலாளியைத் தெரியாது?

அடுத்தது இன்னும் விசித்திரம். கொலம்பியா தேசத்து மார்க்வெஸ் 1967இல் எழுதிய "தனிமையின் நூறு ஆண்டுகள்". தமிழில் கிடைக்கிறது. அதில் ஒரு பெண் படுக்கை விரிப்பை மடித்துக் கொண்டிருக்கும்போதே வானத்தில் ஏறிப் போய்விடுகிறாள். ஊரார் பலர் நம்பி மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். அதே ஊரில் அமெரிக்க வாழைப்பழக் கம்பெனித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய, ராணுவம் சுட்டுத் தள்ளுகிறது; பிணங்கள் ரயிலில் ஏற்றப்பட்டுக் கடலுக்குப் போகின்றன. தப்பி வந்தவன் சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. இங்கே யாரும் சாகவில்லையே என்கிறார்கள்! இது வெறும் கற்பனையல்ல. 1928 டிசம்பரில் அந்த நாட்டில் யுனைடெட் ஃபுரூட் கம்பெனித் தொழிலாளர்கள் மீது ராணுவம் உண்மையிலேயே சுட்டது. செத்தவர் எத்தனை பேர் என்பதே இன்றுவரை தகராறு.

தோழர்களே, 1936 ஜூலை 30ஆம் நாள் இங்கே சவானா மில் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அந்தப் பன்னிருவரை "இல்லை" என்று யாரும் சொல்ல முடியவில்லை. ஏன்? சங்கம் இருந்தது, தோழர் சுப்பையா 1934இல் தொடங்கிய "சுதந்திரம்" பத்திரிகை இருந்தது. ஆனால் இன்று ரோடியர், சவானா, கெப்ளே என்று சங்கு ஊதிய மூன்று ஆலைகளும் ஓடவில்லை. முதலியார்பேட்டையில் வளரும் பிள்ளை சங்கொலியையே கேட்டதில்லை. அவனுக்கு நினைவுநாள் துண்டுப்பிரசுரத்தோடு இந்த நாவலையும் கொடுத்துப் பாருங்கள். எது அவனை இரவு தூங்கவிடாமல் செய்கிறது என்று பிறகு பேசலாம்.

பாகூர்ப் பக்கத்து விவசாயத் தொழிலாளிகளுக்குக் கனத்த புத்தகம் முதலில் வேண்டாம். ஐத்மாத்தவின் "முதல் ஆசிரியர்" சிறு நூல். கிர்கீசிய மலைக்கிராமம் ஒன்றில், தானே அரைகுறையாய்ப் படித்த கூலிக்கார வாலிபன் குதிரைக் கொட்டிலைப் பள்ளிக்கூடமாக்குகிறான். இரண்டாந்தாரமாக விற்கப்பட்ட சிறுமியை மீட்டுப் படிக்க அனுப்புகிறான். அவள் பெரிய கல்விமான் ஆகிறாள். புதுப் பள்ளிக்கூடம் திறந்து விருந்து நடக்கிற நாளில், அந்தக் கிழவன் தபால்காரனாய்த் தந்திகளைக் கொடுத்துவிட்டு வெளியிலேயே போய்விடுகிறான். சோவியத் ஆசிரியர் தம் சமுதாயத்தையே கேட்ட கேள்வி இது, துதி பாடவில்லை. அதனால்தான் சோவியத் யூனியன் 1991இல் கலைந்த பிறகும் கதை உயிரோடிருக்கிறது.

சிபாரிசு செய்வதிலும் ஒரு முறை வேண்டும். "பாட்டாளி வர்க்கப் படைப்பு, அவசியம் படி" என்று உத்தரவு போட்டால் எவனும் தொடமாட்டான். யாருக்கு என்ன நேர்ந்தது என்று நாலு வாக்கியம் சொல்லி, நடுவில் நிறுத்திவிட வேண்டும். சங்கடத்தையும் மறைக்கக் கூடாது. மார்க்வெஸ் நாவலில் பாட்டன் பெயரே பிள்ளைக்கும் பேரனுக்கும் வரும். நம் வீட்டு வழக்கம் போலத்தான், ஆனால் குழப்பும். வம்சத்தை ஒரு தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் செருகிக் கொடுங்கள். விலை அதிகமென்றால் நாலு பேர் சேர்ந்து வாங்குங்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கு வாசித்துக் காட்ட ஒருவர் உட்காரட்டும். எழுத்துச் சிறிதாக இருப்பதால் வயதானவர்களுக்கும் அது உதவும். வாங்கிப் போனவர் பெயரைச் சங்க அலுவலகத்து நோட்டில் எழுதுங்கள். அடுத்த சம்பளத்துக்குள் திருப்பித் தரவேண்டும். தராவிட்டால் அவர் வீட்டுக்கே போய்க் கேளுங்கள். பாதிக் கதையில் நிறுத்தி வைத்திருந்தால் மட்டும் இன்னொரு வாரம் கொடுக்கலாம்.