கருகிய வேம்பும் கசந்த உறவும்



2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கல்வராயன் மலையடிவாரத்து வடக்கனந்தலில் ஓர் இல்லத்தை மந்திரிக்கச் சென்றிருந்தோம். வாசலில் நின்ற வேம்பின் கிளை நுனிகள் யாவும் தீப்பட்டவை போல் கருகிக் கிடந்தன. "பக்கத்து வீட்டார் செய்வினை வைத்துவிட்டார்கள், சாமி" என்றார் அவ்வீட்டு மூதாட்டி. இரு வீட்டாருக்கும் பேச்சுவார்த்தை நின்று ஒரு மாதமாகியிருந்தது. மரத்தை வெட்ட ஆளுக்கும் சொல்லியாயிற்று.

"அம்மா, அவர்கள் வீட்டு வேம்பைச் சற்றுப் பாருங்கள்" என்றோம். அதுவும் அவ்வாறே கருகியிருந்தது.

அது நுனிக்கருகல் என்னும் நோய். பூஞ்சையால் வருவது, மழைக்காலத்தில் பெருகுவது. தேயிலைக் கொசு எனப்படும் பூச்சி இளந்தளிரில் சாறு உறிஞ்சுவதாலும் நுனி வாடும். 2021ஆம் ஆண்டு மழைக்குப் பின் தென்னிந்தியாவின் பல பகுதிகளில் வேம்புகள் இவ்வாறு கருகின. காய்ந்த குச்சிகளைச் சிறிது பச்சைப் பகுதியோடு சேர்த்து வெட்டி எரித்துவிட்டால், பெரும்பாலான மரங்கள் மீண்டும் துளிர்க்கும்.

இலை உதிர்வதெல்லாம் நோயன்று. நாட்டு வாதுமை இலை சிவந்து உதிர்வது இயல்பு. கல்லறைத் தோட்டங்களில் நாம் காணும் ஈழத்தலரி பனிக்காலத்தில் மொட்டையாக நிற்பதும் இயல்பே. ஐயம் எழுந்தால் பட்டையை நகத்தால் சிறிது கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருப்பின் அக்கிளைக்கு உயிர் உண்டு. மண் ஈரமாயிருந்தும் இலை மஞ்சளித்து உதிர்ந்தால், வேரடியில் நீர் தேங்குகிறதா என்று காணுங்கள்.

செம்பருத்தியின் இலைக்கடியில் பஞ்சு போல் வெண்மை தென்பட்டு, எறும்பும் ஊர்ந்தால் அது மாவுப்பூச்சி. 2008ஆம் ஆண்டு கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, செம்பருத்தியையும் விட்டுவைக்கவில்லை. நஞ்சு தெளித்தும் அடங்காத அதனை, 2010ஆம் ஆண்டு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட ஒரு சிறு குளவியினமே அடக்கிற்று. கண்டபடி மருந்தடித்தால் இத்தகைய நற்பூச்சிகளே முதலில் மடியும்.

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், கனி தராத அத்திமரத்தை வெட்டச் சொல்கிறார் உரிமையாளர். தோட்டக்காரரோ இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். வெறுமனே கேட்கவில்லை, சுற்றிலும் கொத்தி எருவிடுவதாகப் பொறுப்பேற்கிறார். மரத்திற்கு மட்டுமா இது? கோவிலுக்கு வராத மகனை, முகங்கொடுத்துப் பேசாத அயலாரை, காரணம் ஆராயாமலே நாம் மனத்தில் வெட்டிவிடுகிறோம் அல்லவா?

பங்குனியில் அந்த வேம்பு துளிர்த்தது, பூவும் கண்டது. அவ்வீட்டு மூதாட்டி ஒரு முறம் வேப்பம்பூவை அடுத்த வீட்டிற்குத் தம் கையாலேயே கொண்டு சென்றார் என்று பின்னர் அறிந்தோம். இறைவனுக்கு நன்றி கூறினோம்.